வைக்கோல் வட்டங்கள்

கரண்டு இரண்டு மணிக்குத்தான் வரும் என்று தெரிந்திருந்தும் வேதவல்லி பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்கென்று நிறுத்துவது புதிதல்ல. மற்ற மாதங்களில் இந்த ஐந்து மணி நேரம் அவளுக்குக் கிடைத்த விடுமுறை. கோட்டூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குக் கரண்டு இல்லையென்றால் கையும் இல்லை காலும் இல்லை, யாரும் வந்து எதுவும் கேட்க முடியாது, காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்னலாம். இன்றைக்கு முறுக்குப் பொட்டலம் பிரிக்காமலேயே கிடந்தது. மணி பதினொன்று நாற்பது. அங்கே எட்டு பத்து. இந்தக் கணக்கை அவள் நான்கு நாளாக மனத்திலேயே போட்டுக்கொண்டிருந்தாள், மூன்றரை மணி நேரத்தைக் கழி, கழித்தால் அங்கே. அங்கே என்றால் கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், லுவாசி என்ற ஆறு கரை உடைத்துப் படர்ந்து கிடக்கும் சமவெளி. அங்கே காலை பத்து மணிக்கு செலெஸ்டினா என்ற பெண் வரைபடங்களை அச்சடித்துப் படகுக்காரர்கள் கையில் கொடுப்பாள், படகுகள் கிளம்பிவிடும். பத்து மணி என்றால் இங்கே ஒன்றரை. கரண்டு வருவது இரண்டுக்கு. நடுவில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது? காலையில் அவசர அவசரமாக, கரண்டு போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, அவள் கடைசியாகப் பார்த்த கட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு. 'வீடு இல்லை' என்று குறித்து, 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினாள், திரை அணைந்தது. அணைந்த திரைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. கறுப்புத் திரையில் அந்தப் படம் மட்டும் போகாமல் கண்ணிலேயே நின்றது: வயலோரம் மஞ்சளாக நான்கைந்து வட்டங்கள், அவற்றை நோக்கி வளைந்து வளைந்து வரும் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதை வட்டத்துக்கு அருகில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. போகாததற்கு என்ன, பாதை எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

இந்த வேலையை யாருக்கு எப்படி விளக்கினாலும் சிரிப்பார்கள். அவள் கணவன் சந்தானம் மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஊர் உலகத்தில் எங்கேயாவது வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்றால் அந்த இடத்தை மேலேயிருந்து எடுத்த பழைய படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைப்பார்கள். ஆளுக்கொரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் தெரியும் ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கோடு போட்டு, இது வீடு, இது பாதை என்று குறிக்க வேண்டும். இன்னொருவர் அதைத் திருப்பிப் பார்த்து 'சரி' போடுவார். கடைசியில் அதுதான் வரைபடம். நிவாரணம் கொண்டுபோகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் போவார்கள். வீடு குறித்த இடத்துக்குப் படகு போகும், குறிக்காத இடத்துக்குப் போகாது. அவ்வளவுதான் விஷயம். ஊரான் வீட்டுக் கூரையை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா என்று சந்தானம் வந்தவர்களிடமெல்லாம் சொல்வான், சொல்வதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், அது அவனுக்கே தெரியாது. இந்த வேலைக்கு அவள் வருவதற்கு முன் அடித்த அந்த நவம்பர்ப் புயலில் தென்னை எல்லாம் தலைகுப்புற விழுந்து, இவர்கள் தெருவே கூரையில்லாமல் நின்றபோது, ஆறு நாள், மெயின் ரோட்டில் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர், பிஸ்கட், தார்ப்பாய், எல்லாம் போயிற்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடு இருக்கிறது என்று லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும், அவன் கையில் இருந்த காகிதத்தில் வாய்க்காலோடு ஊர் முடிந்துவிட்டது. ஆறாம் நாள் சந்தானம் ரோட்டின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்ட பிறகுதான் ஒரு லாரி நின்றது. கோபம் யார்மேலும் இல்லை, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யாத ஒன்றுதான் இதில் பயங்கரம். இன்று காலை இருநூற்றுப் பன்னிரண்டில் பொத்தானை அழுத்தியவளும் வேண்டுமென்றா அழுத்தினாள்?

இல்லை, அது வைக்கோல் போர்தான். அவளுக்கு வைக்கோல் போர் தெரியாதா? பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் நெல் விளைகிற மண். அதுவும் மேலேயிருந்து பார்த்தால் போர் எப்படி இருக்கும் என்பதைப் பாடம் மாதிரிக் கற்றவள். சேர்ந்த புதிதில், பழகுவதற்கென்று தன் ஊரையே எடுத்து வரைந்தபோது, வீட்டுக்கொல்லையில் கிடந்த மஞ்சள் வட்டங்களையெல்லாம் சமத்தாக வீடு என்று குறித்து வைத்தாள். மறுநாளே கட்டம் திரும்பி வந்துவிட்டது. திருப்பியனுப்பியவள் யசோதினி. வவுனியாவில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள், தமிழில் பேசுகிற குழுவினர் வரைவதையெல்லாம் சரிபார்க்கிறவள், முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். "அக்கா, இது வீடில்லை, வைக்கல் போர். முன்னால வீடு, பின்னால மாட்டுக்கொட்டில், நடுவில போர், வடிவாப் பாருங்கோ" என்று குரல் பதிவு போட்டிருந்தாள். வேதவல்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, டெல்டாக்காரிக்கு வன்னிக்காரி வைக்கோல் போரைக் காட்டிக்கொடுப்பதா. அன்றையிலிருந்து மஞ்சள் வட்டம் என்றால் அவள் ஏமாறுவதில்லை. தவறு செய்த இடத்தில் மனிதர்கள் எவ்வளவு உஷாராகிவிடுகிறார்கள்! கோடு போட்ட நோட்டு ஒன்றில் கட்டத்தின் எண், தேதி, ஓரத்தில் ஒரு குறிப்பு என்று எழுதி வைப்பது அவள் பழக்கம், மற்றவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை, பழைய ஆள் என்று கேலி செய்வார்கள். அந்த ஓரத்தில் 'வை.போ.' என்று போட்டிருந்தாள். இப்போது நோட்டைப் புரட்டினாள். இந்த நான்கு நாளில் வை.போ. போட்ட கட்டங்கள் பத்தொன்பது. ஒன்று என்றால் விட்டுவிடலாம். பத்தொன்பது கட்டம் முழுக்க வைக்கோல் போர், ஒரு கட்டத்தில்கூட வீடு இல்லை. எழுதும்போது இது ஏன் உறுத்தவில்லை? ஒவ்வொன்றாக எழுதினாள், அதனால் உறுத்தவில்லை. போன வாரம்தான் குழுவில் அவள் பேரைப் போட்டு, மூவாயிரம் வீடு வரைந்தவர், கண் பிசகாதவர் என்று எழுதியிருந்தார்கள்; ஐம்பது பேர் கை தட்டுகிற படம் போட்டார்கள். அதைச் சந்தானத்திடம் காட்டியதோடு நிற்காமல் பக்கத்து டெய்லர் கடையிலும் காட்டினாள். கண் பிசகாதவர். காலிக் கட்டத்தை யாரும் இரண்டாம் தடவை உற்றுப் பார்ப்பதில்லை, அதுவும் வேதாக்கா பார்த்தது என்றால் யசோதினி கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டுவிடுவாள். போட்டிருக்கிறாள். பதினெட்டில். காலையில் முடித்ததிலும் இந்நேரம் போட்டிருப்பாள்.

உத்திராபதி வந்து வாசலில் நின்று, கரண்டு எப்ப வரும் என்று கேட்டார். கையில் பட்டா நகல். இரண்டு மணிக்கு என்றாள். அதுவரைக்கும் வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன் என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்து பட்டாவாலேயே விசிறிக்கொண்டார். அவரிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது. அண்ணே, நீங்க போர் எங்க போடுவீங்க? கேட்டாள். "போரா? இப்ப யாரு தங்கச்சி போர் போடுறா, மெஷின்காரன் உருட்டி உருட்டிக் கட்டிக் குடுத்துட்டுப் போயிடுறான்" என்றார் அவர். அந்தக் காலத்தில் எங்கே போடுவீர்கள் என்று விடாமல் கேட்டாள். "கொல்லையிலதான். கண்ணு முன்னால இருக்கணும்ல. வீடு இல்லாத எடத்துல போரப் போட்டா எவன் காவல் காக்குறது?" என்று சொல்லிவிட்டு மறுபடி விசிறத் தொடங்கினார். வீடு இல்லாத இடத்தில். வேதவல்லி நோட்டை மூடினாள், திறந்தாள். யசோதினி மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தாளே, முன்னால் வீடு, நடுவில் போர் என்று. போரை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் இருக்க வேண்டிய வீட்டைக் கோட்டை விட்டுவிட்டாள். வீடே இல்லாத ஊரில் வைக்கோல் போர் யாருக்கு? ஆனால் பொறு, பொறு. அங்கே வழக்கம் வேறாக இருக்கலாம். வயல்வெளியிலேயே போட்டு வைப்பார்களோ என்னவோ. சோளத்தட்டையாக இருக்கலாம். படகுக்கு எரிபொருள் அளந்துதான் ஊற்றுகிறார்கள் என்று செலெஸ்டினா எழுதியிருந்தாள், மூன்று படகுதான், ஒரு படகு ஒருநாளில் இத்தனை இடத்துக்குத்தான் போக முடியும். இவள் பேச்சைக் கேட்டு ஒரு படகு பத்தொன்பது கட்டத்துக்குப் போய், தண்ணீருக்கு நடுவில் நனைந்த வைக்கோலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்த நேரத்தில் உண்மையான கூரைமேல் உட்கார்ந்திருக்கிறவர்கள் கதி? சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. சொல்லாமல் இருப்பதற்கு இது நல்ல காரணமாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது, எட்டிப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். சீ என்று ஆயிற்று. படகுக்காகவா பயப்படுகிறாய், கை தட்டிய ஐம்பது பேருக்காகவா? பேர் போனால் போகட்டும், தன் பேர் என்ன பெரிய பேர், ஜெராக்ஸ் கடைக்காரி. யசோதினி பேரும் சேர்ந்து போகுமே. கடல் ஊருக்குள் வந்த வருஷம் அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயது. முல்லைத்தீவுக் கரையில் வீட்டோடு எல்லாம் போய்விட்டது, எங்கட இடம் அப்ப ஒரு படத்திலயும் இல்லை அக்கா என்று ஒரே ஒருதரம் சொன்னாள், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற இடைவெளியிலும் வீட்டுக்கு வந்த பிறகும் முகம் தெரியாதவர்களின் கூரைகளைச் சரிபார்க்கிறவள். அவளை நினைத்தால் வேதவல்லிக்கு எப்போதும் ஒரு மரியாதை, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம். அவளுக்குப் போய் இந்தத் தலைகுனிவா? மணி பன்னிரண்டு இருபது. கட்டாயம் வைக்கோல் போர்தான். பாதை மட்டும் இல்லாதிருந்தால்.

டெய்லர் கடை ஜெயக்கொடி மெஷின் ஓட்ட முடியாத எரிச்சலில் வாசலைப் பெருக்க ஆரம்பித்திருந்தாள். காலையில் பெருக்கிய வாசல்தான். கரண்டு இல்லாத நாளில் அவள் கை சும்மா இருக்காது. வேதவல்லி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குமாறு இடமிருந்து வலம், வலமிருந்து இடம். நின்ற இடத்திலிருந்து கை எட்டுகிற தூரம்வரை தரை வெளுத்து வந்தது, எட்டாத இடத்தில் சருகும் துணி வெட்டும் அப்படியே கிடந்தன, நடுவில் வளைவாக ஒரு எல்லை. விளக்குமாறு எட்டுகிற எல்லை. அது அங்கேயும் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒவ்வொரு மஞ்சள் வட்டத்தைச் சுற்றியும் வெளுப்பாக ஒரு வளையம் இருந்தது, படத்தின் கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிட்டாள். நூற்றெழுபத்தேழிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. வைக்கோல் போரைச் சுற்றி என்ன இருக்கும், குப்பை இருக்கும், உதிர்ந்த தாள் இருக்கும், மாடு மிதித்த சேறு இருக்கும். போரைச் சுற்றி எவளும் பெருக்கமாட்டாள். பெருக்கியிருக்கிறார்கள். தினம் பெருக்கியிருக்கிறார்கள், விண்ணிலிருந்து எடுத்த படத்தில் தெரிகிற அளவுக்கு வருஷக்கணக்காகப் பெருக்கியிருக்கிறார்கள். குனிந்து, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு, கதவிலிருந்து ஆரம்பித்து வெளியே வெளியே. பாதை வந்து நின்றது அந்தக் கதவில். கூரை வட்டம். வைக்கோல் வேய்ந்த வட்டக் கூரை. வேதவல்லிக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. பத்தொன்பது கட்டம், கட்டத்துக்கு எத்தனை வாசல், வாசலுக்கு எத்தனை பேர் என்று மனம் ஓடப் பார்த்தது, அதை இழுத்துப் பிடித்து நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணே, கடையப் பாத்துக்கங்க என்றாள். கரண்டே இல்லாத கடையில என்னத்தப் பாக்குறது என்று உத்திராபதி கேட்டதற்கு அவள் நிற்கவில்லை.

கரண்டு போனால் ஊரில் சிக்னலும் சுருங்கிவிடும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலையில் மட்டும் இரண்டு கோடு கிடைக்கும். உச்சி வெயில். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது, தரை கொதித்தது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு எழுதினாள். பெரிய குழுவில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், முப்பது நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வைக்கோல் போருக்கு இங்கிலீஷில் என்ன என்று மண்டையைக் குடைந்தும் வரவில்லை, மாட்டுத்தீனிக் குவியல் என்று பொருள் வருகிற மாதிரி எதையோ எழுதினாள். நான் தப்புச் செய்துவிட்டேன். இந்தப் பத்தொன்பது கட்டத்திலும் மஞ்சள் வட்டங்களை மாட்டுத்தீனிக் குவியல் என்று நினைத்து வீடு இல்லை என்று குறித்தேன். அவை வீடுகள் என்று இப்போது நினைக்கிறேன். சுற்றிலும் தரை பெருக்கியிருக்கிறது. பாதை கதவு வரைக்கும் போகிறது. என்னிடம் இப்போது கரண்டு இல்லை. தயவுசெய்து யாராவது திறந்து பாருங்கள். அச்சடிக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கீழே பத்தொன்பது எண்கள், நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக, இரண்டு தடவை சரிபார்த்து. அனுப்புவதற்கு முன் விரல் நின்றது. மூவாயிரம் வீடு ஒரு கணம் கண்முன் வந்து போயிற்று. போகட்டும் என்று அழுத்தினாள். பக்கத்தில் கடிகாரக் குறி சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள், நினைக்கட்டும், சந்தானம் நடுரோட்டில் படுத்தபோதும் அப்படித்தான் நினைத்தார்கள். கை வலித்தது. இறக்கிப் பார்த்தாள். போயிருந்தது.

ஒரு நிமிடம். இரண்டு. இவ்வளவு பெரிய உலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்களா? தொட்டியின் நிழல் ஒரு முழம்தான் இருந்தது, அதற்குள் இரண்டு காலையும் இழுத்துக்கொண்டாள். முதலில் வந்தது யசோதினி. தனியாக வரவில்லை, பெரிய குழுவில் எல்லாரும் பார்க்கத்தான் எழுதியிருந்தாள்: அந்தப் பத்தொன்பது கட்டத்தையும் சரி என்று விட்டது நான். எல்லாவற்றையும் இப்போது திறந்துவிடுகிறேன், ஆள் வேண்டும். அதில் வருத்தமோ சமாதானமோ ஒன்றும் இல்லை. தப்பைச் சொல்லி வாய் மூடுவதற்குள் வேலைக்குப் போய்விட்டாள். அடுத்தது செலெஸ்டினா. அவள் எப்போதும் இரண்டு வரிதான் எழுதுவாள், படகுத்துறையில் நின்றுகொண்டு எழுதுகிறவள். "வட்டமா, கூரை புல்லா? அது வீடுதான், சகோதரி. நான் பிறந்த வீடும் வட்டம்தான்." வேதவல்லி அதைப் படித்தாள், மறுபடி படித்தாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. படகுகள் நிற்கும், அவர்கள் மணியில் பதினொன்று வரைக்கும். நிற்கும். ஆறு நாள் மெயின் ரோட்டோடு போன சத்தம் அவள் காதில் ஒருமுறை கேட்டு, அடங்கியது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, ஜெராக்ஸ் கடைக்காரி ஒருத்தி ஓட்டை இங்கிலீஷில் பொறுங்கள் என்று எழுதினாள், மூன்று படகு நிற்கிறது. அப்படியே தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தாள். போனில் கட்டங்களின் வண்ணம் மட்டும்தான் தெரிந்தது, உள்ளே இருப்பதைப் பார்க்க சிக்னல் போதவில்லை, அதுவே போதும். பச்சையாக முடிந்து கிடந்த பத்தொன்பதும் வெள்ளையாயின. பிறகு ஒவ்வொன்றாக மஞ்சளாயின. மஞ்சள் என்றால் யாரோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றெழுபத்தேழைப் பிலிப்பைன்ஸில் ஒரு நர்ஸ் எடுத்தாள், இடைவேளை இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். போலந்தில் பள்ளி வண்டி ஓட்டுகிற ஒருவர் இரண்டைச் சேர்த்து எடுத்தார். பேரே போடாமல் வெறும் எண்ணை வைத்துக்கொண்டிருப்பவர்களும் எடுத்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது, அந்த வாசலைப் பெருக்கியவளின் பேர் தெரியாது, அவளுக்கும் இவர்களைத் தெரியப்போவதில்லை. ஒருத்தரும் இவளை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள், கேட்காததுதான் கண்ணை நிறைத்தது. நல்ல மனிதர்கள், என்ன நல்ல மனிதர்கள் என்று வாய்விட்டே சொன்னாள், கேட்பதற்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது.

ஒன்று ஐம்பதுக்குக் கீழே டெய்லர் கடை மெஷின் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் முன்னாலேயே கரண்டு வந்துவிட்டது, வரலாற்றில் இல்லாத வழக்கம். படியில் இறங்கும்போதே யசோதினியின் குரல் பதிவு வந்தது. "பதினெட்டையும் ஆக்கள் எடுத்திட்டினம் அக்கா. இருநூற்றுப் பன்னிரண்டை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, உங்களுக்கெண்டு விட்டிருக்கிறன். கரண்ட் வந்தோடன செய்யுங்கோ." வேதவல்லி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் போட்டாள், அது முக்கி முனகி எழுந்து வந்தது. படம் தெளிந்தது. காலையில் பார்த்த அதே படம். நான்கைந்து என்று நினைத்தது தப்பு, மரத்தடியில் இருந்தவற்றையும் சேர்த்துப் பதினொன்று. முதல் வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டாள், கோணலாக வந்ததை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். வீடு என்று குறித்தாள். அடுத்தது. அடுத்தது. பாதையைத் தொடக்கத்திலிருந்து பிடித்து, வயலோரம் வளைந்து, வெளுத்த தரையைத் தாண்டி, கதவு இருக்கும் என்று தோன்றிய இடம்வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டாள். நோட்டின் ஓரத்தில் இருந்த வை.போ. என்பதை அடித்துவிட்டு வீடு 11 என்று எழுதிக்கொண்டாள். உத்திராபதி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பட்டாவை மேசைமேல் வைத்தார். "கரண்டுதான் வந்துட்டுல்ல தங்கச்சி, ரெண்டு காப்பி போட்டுக் குடு, நான் கெளம்புறேன்" என்றார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் ஒரு கோடு பாக்கி இருந்த கடைசி வட்டத்தின்மேல் விரலை வைத்தபடி சொன்னாள்.

"கொஞ்சம் இருங்கண்ணே. அங்க படகு நிக்கிது."